கணக்குப் போடும் கடிகாரம்

சேஷன் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கைக்கடிகாரம் பார்த்த மாத்திரத்திலேயே மாளவிகாவுக்குப் பிடிக்காமல் போயிற்று. கறுப்பு பிளாஸ்டிக். மணி காட்டும் கட்டத்துக்குக் கீழே கடுகு கடுகாகப் பொத்தான்கள். கூட்டல் முதல் வகுத்தல் வரை எல்லாம் அதிலேயே போடலாம்.

"நாளைக்கு இதைக் கட்டிண்டு போ. முழுக்கை சுடிதார் போட்டுக்கோ. ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றார் மாமா.

மருத்துவ நுழைவுத் தேர்வில் கால்குலேட்டர் கூடாது என்று ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. போன வருஷம் இயற்பியல், வேதியியல் தாளில் அவளுக்கு நேரம் போதாமல் இருபத்திரண்டு கேள்விகள் விட்டுப்போயின. அத்தனையும் கணக்கு. இந்த ஒரு வருஷமாக ஸ்ரீவராகம் தெருவிலிருந்த வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து அவள் பழகியது அதைத்தான். எந்த எண்ணை எங்கே முழுசாக்கலாம், பத்தின் அடுக்குகளை எப்படித் தனியே எடுத்துக் கூட்டலாம், கொடுத்த நான்கு விடைகளும் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று.

"வேண்டாம் மாமா. எனக்கு மனசாலேயே போட வரது."

"போன தடவையும் மனசாலதானேடி போட்டே?"

அம்மா விஜயலக்ஷ்மி இடையில் வந்தாள். "ஆசையா கொண்டுவந்திருக்கார். சும்மா கட்டிக்கோயேன். உபயோகிக்கணும்னு யாரு சொன்னா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது. திருடச் சொல்லவும் வேண்டும், சொன்னதாக இருக்கவும் கூடாது. அப்படியும் மறுநாள் காலையில் கட்டிக்கொண்டுதான் போனாள். அதற்காக அவள் தன்னை வெகுநாள் மன்னிக்கவில்லை.

கிழக்கேகோட்டையில் பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம். மே மாதப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் வாருக்கு அடியில் வியர்வை நசநசத்தது. நாலாவது கேள்வியில் முதல் கணக்கு வந்தது. முந்நூறு கெல்வின், ஒரு வளிமண்டல அழுத்தம், இரண்டு மோல் வாயு. கன அளவு எத்தனை லிட்டர்? பன்னிரண்டு, இருபத்தைந்து, நாற்பத்தொன்பது, தொண்ணூற்றெட்டு.

அவள் கை தன்பாட்டில் சட்டைக் கைக்குள் போயிற்று. வாயு மாறிலி 0.0821ஐ நகத்தால் அழுத்தினால் ஒன்றுக்குப் பதில் நாலு விழுந்தது. அழித்தாள். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் வரிசையோரம் நடந்து வந்தார். சொறிந்துகொள்வதுபோல் பாவனை செய்தாள். மறுபடி அழுத்தினாள். நாலு முறை தப்பி, 49.26 என்று காட்டியபோது மூன்று நிமிஷம் போயிருந்தது.

எட்டை முந்நூறால் பெருக்கி, புள்ளியைத் தள்ளினால் இருபத்திநாலு. இரட்டித்தால் நாற்பத்தெட்டு. பக்கத்தில் நாற்பத்தொன்பதைத் தவிர வேறு விடையே இல்லை. ஒரு மூச்சு விடும் நேரத்து வேலை. ஊசிப்போன சட்னியை வாயில் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. கடிகாரத்தின்மேல் அல்ல, தன்மேலேயே அருவருப்பு.

எழுந்து போய் அதைக் கழற்றி டீச்சரின் மேசையில் வைத்து, இது இங்கேயே இருக்கட்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். நேசமணி டீச்சர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். அவளுடைய மலையாளத்தில் தமிழ் தட்டுப்பட்டதும் தமிழிலேயே மெதுவாகக் கேட்டார்.

"என்ன மோளே, வாச்சா? நேரம் பாக்க வேண்டாமா?"

"இதுல கால்குலேட்டர் இருக்கு, டீச்சர்."

டீச்சரின் முகம் சுருங்கியது. "தொட்டியா?"

"ஒரு கேள்விக்கு. நாலாவது."

"விடை குறிச்சாச்சா?"

"இல்ல."

வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் மாளவிகா நின்றாள். டீச்சர் வரிசைகளை ஒருமுறை பார்த்தார். "அதைக் குறிக்காண்டாம். அது உனக்குள்ளதில்ல. போய் மிச்சத்தை எழுது." செத்த பல்லியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் அதைத் தூக்கி இழுப்பறைக்குள் போட்டார்.

கேட்டதிலேயே சுலபமான கணக்கை வெறுமையாக விட்டுவிட்டு மாளவிகா தொடர்ந்தாள். நாற்பத்தைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம்: 9.8ஐப் பத்தாக்கினால் தொள்ளாயிரத்தின் வர்க்கமூலம், முப்பது. அதற்குச் சற்றே குறைவு, 29.7. ஃபோட்டானின் ஆற்றல்: இருபதை ஐந்தரையால் வகுத்தால் மூணரைக்குக் கொஞ்சம் மேலே, அடுக்குகளைக் கூட்டினால் மைனஸ் பத்தொன்பது. மணி அடித்தபோது இரண்டே கேள்விகள்தான் பாக்கி. கடிகாரத்தைத் திரும்ப வாங்க அவள் போகவில்லை.

அதற்காக மாமா இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. ஆலப்புழையில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது என்று தெரிந்த அன்றோ முதல் ஆளாக வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். தெருக்காரர் பிச்சுமணி வந்ததும் கண்ணடித்தார்.

"எல்லாம் நம்ம வாச்சோட வேலை!"

மாளவிகா பாயசத் தம்ளரைக் கீழே வைத்தாள். "இல்ல. ஒரு கணக்குக்குத் தொட்டேன். அதையும் விட்டுட்டேன். மிச்சமெல்லாம் நானே போட்டது. வாச்சை டீச்சர்கிட்ட கொடுத்துட்டேன்."

பிச்சுமணி தொடையைத் தட்டிச் சிரித்தார். "இப்படித்தாம்மா சொல்லணும். கெட்டிக்காரி! சேஷா, என் பேரனுக்கும் ஒண்ணு கொண்டுவந்துடு, கேட்டயா?"

மாமாவும் சிரித்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்ளரை நிரப்புவதிலேயே கவனமாக இருந்தாள். "போறும்டி. நாலு பேர் முன்னால மாமாவைக் குறைச்சுப் பேசாதே."

"அம்மா, நீயாவது நம்பறியா?"

"இடம் கிடைச்சுடுத்தோல்லியோ? இப்ப என்ன அதுக்கு?"

ஒரு வருஷம் பக்கத்து அறையில் இவள் எண்களோடு மாரடித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் அம்மா. மாளவிகா எழுந்தாள். பாயசத்தைக் கொல்லையில் கொட்டிவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆகஸ்டில் ஆலப்புழைக்குக் கிளம்பும்போது மாமாவை நமஸ்காரம் பண்ணச் சொன்னார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆட்டோவில் ஏறிவிட்டாள். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை கொல்லம் தாண்டியும் மடியிலேயே இருந்தது. அவளுக்குத் திறக்கப் பிடிக்கவில்லை.