அரசி படுத்த கட்டில்கள்

அந்தத் தீவில் ஒரு காலத்தில் ஓர் அரசி ஓர் இரவு தங்கினாள். படகுத்துறையில் இறங்குகிற யாருக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான். அவள் தங்கிய விடுதி கடற்கரைச் சாலையின் முனையில் இருக்கிறது. மாடியறையில் அவள் படுத்த கட்டிலும் இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம். எல்லோரும் விருப்பப்பட்டார்கள். கட்டிலின் ஆயுள் குறைந்தது அதனால்தான்.

உப்புக்காற்று கால்களையும் சட்டத்தின் முனைகளையும் தின்னும். தின்றதை அறுத்தெறிந்துவிட்டுச் சில வருஷம் ஓட்டுவார்கள். இனித் தாங்காது என்றானதும், அதை அளந்து அச்சு அசலாகப் புதிது செய்வார்கள். அளந்ததென்னவோ அறுத்த கட்டிலைத்தான். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை கட்டில் சிறுத்தது. கூடவே அரசியும் சிறுத்தாள். இப்போது விடுதியை நடத்தும் அக்கா, அரசி தன் தோளுயரம்தான் என்று சொல்லிவந்தாள். அக்காவே ஒன்றும் நெட்டையில்லை.

பழைய கட்டில்களை விறகாக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெளியே வைத்தால் ஓர் அரசிக்கு எத்தனை கட்டில் என்று கேட்பார்கள். ஆகவே அவை பின்கட்டுக் கொட்டகையில் பழைய படகுப் பாய்த்துணிக்கு அடியில் கிடந்தன.

விடுதியில் பாதி தம்பிக்குச் சொந்தம். இடித்துவிட்டு நீச்சல்குளத்தோடு புதிய ஓட்டல் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. தொல்பொருள் துறை இதைப் பழமையான கட்டடம் என்று பலகை வைத்தால் வாயை மூடிக்கொள்வதாகவும், இல்லையென்றால் இடிக்க அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்றும் பேச்சு. அக்கா பிறந்ததும் பிழைத்ததும் அந்த வீட்டில்தான்.

தொல்பொருள் துறையிலிருந்து வந்த அம்மாள் நல்ல உயரம். அக்கா சொன்ன வரலாறு முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது.  படுத்தபடியே கேட்டாள்.

"அரசி என்ன உயரம்னு சொன்னீங்க?"

"என் தோளுக்கு வருவாங்க."

"வாசல்ல குனிஞ்சுதான் நுழைவாங்கன்னு நான் படிச்சிருக்கேன்."

அக்காவின் கணவர் தச்சர். இந்தக் கட்டிலைச் செய்தவர். அதிகம் பேசாத மனிதர். அவர் கூரையைப் பார்த்தபடி, "கடல் காத்துல எல்லாமே சுருங்கும்" என்றார்.

அதற்குள் தம்பி முற்றத்திலிருந்து கூப்பிட்டான். கொட்டகையிலிருந்த நான்கு கட்டில்களையும் இழுத்துவந்து வரிசையாகப் போட்டிருந்தான். மாடிப்படி இறங்குவதுபோல் ஒன்றைவிட ஒன்று குட்டை. அக்கா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தம்பி வாயைத் திறந்தான். முன்பு இந்தத் தீவில் உப்பும் நண்டும் தவிர ஒன்றுமில்லை. கொள்ளுத்தாத்தாதான் முதல் கட்டிலைச் செய்து போட்டு, படகுக்காரர்களிடம் கதை கட்டிவிட்டார். அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்காகப் படகுத்துறை வந்தது, சாலை வந்தது, ஓட்டல்கள் வந்தன என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"இந்த ஊரே ஒரு பொய்யில முளைச்சதுதான், மேடம்."

அந்த அம்மாள் முதல் கட்டிலை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி இங்க எதுவுமே இல்லையா?"

"ஒரு பெட்டிக்கடைகூட இல்ல."

"இதைச் செஞ்ச வீடு இதேதானா?"

"இதேதான். எங்க வேணா சத்தியம் பண்றேன்."

அப்போதுதான் அவள் பேனாவை எடுத்தாள். அரசி இந்தத் தீவில் காலே வைத்ததில்லை என்றாள். ஆனால் தீவு பிறந்தது இந்த வீட்டில். இனி இதில் ஒரு செங்கல்லையும் யாரும் தொட முடியாது என்றாள். தம்பி சத்தியம் செய்ய நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான்.

அக்காவுக்குப் பாதி உயிர்தான் வந்திருந்தது. அரசி வரவில்லை என்று பலகையில் போட்டுவிடுவார்களா என்று கேட்டாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். "பலகை சின்னது. எல்லாத்தையும் எழுத இடம் பத்தாது."

மத்தியானப் படகின் சங்கு கேட்டது. கட்டில்கள் முற்றத்தில் அப்படியே கிடந்தன.

"அந்தப் பக்கம் புடிடா" என்றாள் அக்கா.

தம்பி பிடித்தான். இரண்டாவது கட்டிலைத் தூக்கும்போது ஒரு குடும்பம் பெட்டிகளோடு முற்றத்துக்கே வந்துவிட்டது. யாருடைய கட்டில் இது என்று கேட்டார்கள். தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை.

"அரசியோடது" என்றான். "கொஞ்சம் வழி விடுங்க."