துணைக்கு இருப்பவர்

எங்கள் ஊர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் நோயை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஆள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆறு வாரம் வைத்துப் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு, நோயைத் திருப்பிக் கொடுப்பார்கள். நான் என் இருமலைச் சேர்த்தேன். அதற்குப் பதினோரு வயது.

சேர்க்கும் தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. சேர்க்கப்படுபவர், துணைக்கு இருப்பவர். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். முதல் கோட்டில் சந்தனமாரி என்று என் பெயரை எழுதினேன். துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டாவது கோட்டில் இருமல் என்று எழுதினேன். நர்ஸ் எஸ்தர் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.

வீட்டில் சத்தமே இல்லை. முன்பு நான் இருமினால் பக்கத்து வீட்டுப் புஷ்பராணி நடுச்சுவரில் தட்டுவாள். "ஏட்டி, செத்த நேரம் சும்மா கெடயேன்!" என்பாள். நான் மறுபடி இருமுவேன். அவள் மறுபடி தட்டுவாள். ஒரு நாளைக்கு எனக்கு அவ்வளவுதான் பேச்சு. இப்போது சுவர் சும்மா இருந்தது. பொய்யாக இருமிப் பார்த்தேன். அவள் தட்டவில்லை. அவளுக்கு அதன் குரல் தெரியும்.

புதன்கிழமைகளில் பார்க்க விடுவார்கள். இருமல் பதினான்காம் கட்டிலில் படுத்திருந்தது. மேலே ஃபேன் வேகமாக ஓடியது.

"அதுக்குக் காத்து ஆகாதும்மா" என்று எஸ்தரிடம் நான்கு தடவை சொன்னேன்.

"ஆகாதுன்னாத்தான எங்களுக்கு வேணும், அக்கா" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த காய்ச்சலைப் பார்க்க ஒரு குடும்பமே வந்து, சுற்றி உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டது. எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு என்ன வயது என்று கேட்டேன். மூன்று நாள் என்றார்கள்.

ஆறு வாரம் முடிந்தது. ஒயர் கூடையில் மப்ளரை எடுத்துக்கொண்டு, கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, இருமலை அழைத்து வரப் போனேன். எஸ்தர் அப்போதுதான் தாளைப் படித்தாள்.

"அக்கா, சேந்தது நீங்கல்லா?"

"இருமல்தாம்மா சேந்துச்சு."

"தாள்ல நீங்கதான் இருக்கீங்க. துணைக்கு வந்தவங்கதான் வீட்டுக்குப் போவலாம்."

"அது இல்லாம என்னால அந்த வீட்டுல இருக்க முடியலம்மா."

"அப்ப சரியாப் போச்சு. இங்கனயே இருங்க. கட்டில் சூடு ஆறல."

இருமல் எழுந்து கையெழுத்துப் போட்டது. என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அதற்கு மப்ளரைச் சுற்றிவிட்டு சாவியைக் கொடுத்தேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

டாக்டர்கள் தினமும் வந்து, ஒன்றும் இல்லாத என் நெஞ்சைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். புதன்கிழமை இருமல் பார்க்க வந்தது. புஷ்பராணி தட்டுகிறாளா என்று விசாரித்தேன். நாளைக்கு ஏழெட்டுத் தடவை தட்டுகிறாளாம். நான் எங்கே என்று கேட்டாளா என்றேன்.

இருமல் மப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டது. பிறகு, அடுத்த புதன்கிழமை சுவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னது.

நான் கட்டிலில் ஓரமாக நகர்ந்து படுத்துப் பார்த்தேன். இடம் போதும்.