இருபத்தேழு சதவீதம்

"இருபத்தேழா? இப்பதானே இருபத்தெட்டுன்னு சொன்னீங்க?"

"அது நீ பல் தேய்க்கப் போறதுக்கு முன்னாடி."

"பல் தேய்க்க எனக்கு அரை நாளா ஆகுது?"

என் கணவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் இருந்த பேட்டரி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. மயிரிழை பிசகினாலும் ஒருத்தருடைய உலகம் கோணிவிடும் என்பார். நேற்று மத்தியானத்திலிருந்து அவர் கண் கொட்டவில்லை.

காரின் பிளக் பாயின்டிலிருந்து கிளம்பிய வயர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது. அதன் மறுமுனையில், என் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புயல் கரையைக் கடந்து தெருவில் கம்பங்களைச் சாய்த்ததும் மின்சாரம் போய்விட்டது. அப்போதிருந்து எங்கள் கார்தான் அண்ணனுக்கு மூச்சு.

அண்ணன் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷத்து டீசல் புகையும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். பழைய காரை நாங்கள் கிளப்பும்போதெல்லாம் புகை அவர் அறைக்குள் போகும். அவர் இருமி இருமிச் சுருண்டுபோவார். அதற்காகத்தான் இந்த மின்சாரக் காரை வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து அந்த ஜன்னலை மூட வேண்டி வந்ததே இல்லை. அண்ணன் மட்டும் அதற்கு 'ஊமை' என்று பெயர் வைத்தார். சத்தம் போடாத வண்டியை அவர் நம்புவதில்லை.

வண்டியை அறுபதுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது என் கணவரின் சட்டம். ஏற்றினால் பேட்டரிக்குச் சீக்கிரம் வயசாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்துபோய் வயரைப் பிடுங்குவார். புயல் எச்சரிக்கை வந்த அன்றும் அறுபதில் பிடுங்கினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் தடுக்கவில்லை.

இரவெல்லாம் நாங்கள் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஆஸ்பத்திரி பாலத்தைத் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டர். போக ஒன்பது சதவீதம் போதும். அதுவரை வீட்டிலேயே மெஷினை ஓட்டலாம், மின்சாரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்புலன்ஸுக்கும் சொல்லி வைத்திருந்தோம்; காலை பத்து மணிக்கு அதன் டிரைவர் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, பாலத்து மேல தண்ணி போகுது. இந்தப் பக்கமே நிக்கிறேன். அங்க வர வழியில்லை. பங்க்லயும் கரண்ட் இல்லை, நான் சுத்தி வர டீசல் பத்தாது. மேட்டு ரோடு வழியா சுத்தி நீங்க வர முடியுமா?"

மேட்டு ரோடு எழுபது கிலோமீட்டர். என் கணவர் செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பென்சில் முனை ஒடிந்தது. நகத்தால் சீவி மறுபடி போட்டார்.

"இருபத்தஞ்சு வேணும். இப்பவே கிளம்பணும். இன்னும் ரெண்டு மணி நேரம் இங்க இருந்தா போகவும் முடியாது, இருக்கவும் முடியாது."

"மின்சார ஆபீஸ்ல மத்தியானத்துக்குள்ள வந்துடும்னு சொன்னாங்களே?"

"நேத்தும் அதையேதான் சொன்னாங்க."

தெருவில் பெட்ரோல் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் புயலுக்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன் கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை, பெட்ரோல் வண்டியா இருந்தா, ஒரு கேன் வச்சுக்கிட்டு உலகத்தையே சுத்தலாம்."

"பெட்ரோல் வண்டியா இருந்தா, நேத்து மத்தியானமே உங்க மெஷின் நின்னிருக்கும் மச்சான்."

"அதுவும் சரிதான்," என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

இன்னொரு சிக்கல் இருந்தது. வண்டி நிற்கும்போதுதான் அந்தப் பிளக் பாயின்ட் மின்சாரம் தரும்; நகர்ந்தால் நின்றுவிடும். வழிக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். அண்ணனுக்கு அது ஒன்றரை மணி நேரம் வரும்.

வயரைப் பிடுங்கியபோது மெஷின் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அந்த அமைதியில் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. அண்ணனைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். அவர் உடம்பு துணி மூட்டை போல லேசாக இருந்தது. அது என்னை எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயமுறுத்தியது. என் கணவர் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். ஏ.சி. போடவில்லை, விளக்குப் போடவில்லை. கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் புரிந்துவிட்டது. அறுபது வேகத்தில் போனால் எண் மளமளவென்று இறங்கியது. நாற்பதில் போனால் எண் நின்று நின்று இறங்கியது. ஆனால் பின்னால் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. வேகமாகப் போனால் வண்டி நின்றுவிடும். மெதுவாகப் போனால் காற்று தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு வேகம் இருந்தது. ஐம்பதா, ஐம்பத்திரண்டா? என் வலது காலுக்கு மட்டும்தான் அது தெரியும் என்று தோன்றியது. 

"நல்லா ஓட்டுறே பாப்பா," என்றார் அண்ணன். "என் கண்டக்டர் பார்த்தா உனக்கு விசில் ஊதிக் குடுப்பான்."

"பேசாதீங்க மச்சான், மூச்சு வீணாகுது," என்றார் என் கணவர்.

"மூச்சுக்கும் அறுபது சட்டமா மாப்பிள்ளை?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சாய்ந்த மரம் ஒன்றைச் சுற்றி, சேற்றில் இறங்கி ஏறவே இருபது நிமிஷம் ஆனது. அந்த ஏற்றம் ஒரு சதவீதத்தை முழுசாக விழுங்கியது. மேட்டு ரோட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வழியில் இருந்த சார்ஜிங் நிலையம் இருட்டாகக் கிடந்தது. அதன் கூரைத் தகடு ரோட்டில் விழுந்திருந்தது. 

பதினொன்று என்று திரை காட்டியபோது இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர் இருந்தது. நாற்பத்தைந்துக்குக் குறைத்தேன்.

"முள்ளு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சிவப்புக்குப் பக்கத்துல," என்றார் என் கணவர். அவர் குரல் என்னை எட்டவே நேரம் எடுத்தது.

அண்ணனின் கேலி நின்று வெகுநேரமாகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் உதடு நாவல் பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் எண்ண ஆரம்பித்தேன். திரை பத்து என்றது.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. சில்லென்று இருந்தது. எனக்குத் தெரிந்து, அண்ணன் எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை.

"பாப்பா," என்றார். "கொஞ்சம் வேகமா போயேன்மா."