பல் டாக்டரின் ஐந்தாம் பாட்டு

பல் டாக்டருக்குப் பிடித்த பாட்டுகள் மொத்தம் ஐந்து. ஆறாவதாக ஒன்றைச் சொன்னால் சண்டைக்கு வருவார். கடிகாரம் பார்த்து வேலை செய்கிறவர்கள் செய்யட்டும், அவருக்குப் பாட்டுதான் கணக்கு. ஊசி போட்டு மரத்துப்போக ஒரு பாட்டு, சொத்தையைக் குடைய இரண்டு, அடைக்க ஒன்று. பிடுங்குவது மட்டும் ஐந்தாம் பாட்டில்தான். அது தொடங்கிவிட்டால் அவர் கை நடுங்காது.

அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு ராசி. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் தன் மனைவியிடம் அன்றைக்குக் கேட்டபோது அதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். அவள் வெட்கத்தில் வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாளாம். இருபத்தைந்து வருடமாக இதை அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அப்படிப்பட்ட பாட்டை வீட்டில் போட்டால் மனைவி எழுந்து போய்விடுவாள். கணக்கு டீச்சர். திருத்த நோட்டு இருக்கிறது என்பாள், துணி காயப்போட வேண்டும் என்பாள். ஒரு தடவை அடைமழையில் துணி காயப்போடப் போனாள். டாக்டருக்கு உள்ளுக்குள் அரித்தது. கசந்துபோனது பாட்டா, தானா? நேரே கேட்கப் பயம். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிற மனுஷனுக்கு வீட்டில் தன் வாய் திறக்கவில்லை.

கடைசியில் இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று ஒரு விருந்து வைத்தார். எல்லார் முன்னாலும் அந்தப் பாட்டைப் போட்டு மனைவியை ஆட அழைப்பது, அப்போதும் எழுந்து போய்விட்டால் கசந்துபோனது தான்தான் என்று தெரிந்துபோகும், இதுதான் திட்டம். வந்தவர்கள் முப்பது பேர். சொந்தமோ நட்போ, அத்தனை பேரும் அவரிடம் பல்லைக் காட்டியவர்கள்தான்.

பாட்டு தொடங்கியது. மூன்று கைதட்டல், பிறகு கிதார். பாங்க் மேனேஜரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தச்சர் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். டாக்டரின் மைத்துனர், பாவம், வாயை 'ஆ'வென்று திறந்தே விட்டார். அதைப் பார்த்து ஒருவர் சிரிக்க, கூடமே குலுங்கியது. ஆசை ஆசையாய்ப் பொத்திவைத்த பாட்டை ஊருக்கே பல்வலியாக்கி வைத்திருக்கிறோம் என்பது புரிந்ததும் டாக்டரின் முகம் தொங்கிப்போனது. திரும்பிப் பார்த்தால், மனைவியின் கையும் கன்னத்தில்.

"நீயுமா?"

"நீங்க என்னைக் கேட்டது எங்கன்னு ஞாபகம் இருக்கா? உங்க க்ளினிக்லதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு, வாய் நிறையப் பஞ்சை வச்சிட்டுக் கேட்டீங்க. வெட்கமாம், வெட்கம்."

டாக்டருக்கு அந்தத் தலையாட்டல் மட்டும்தான் நினைவில் நின்றிருந்தது. பல் மறந்தே போயிருந்தது. அப்படியானால் அன்றைக்குத் தலையாட்டியது மனசாரத்தானா என்று கேட்டார்.

"வாயிலதானே பஞ்சு? தலை என்னோடதுதான்," என்றாள். "விஷயத்தைச் சொன்னா உங்களுக்கு மனசு வலிக்கும், பாட்டைக் கேட்டா எனக்குப் பல் வலிக்கும். அதான் எழுந்து போயிடுவேன்."

டாக்டர் பாட்டை நிறுத்த ஓடினார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடட்டும். இத்தனை வருஷத்துல இதை நான் முழுசாக் கேட்டதே இல்லை. முடிவுல என்னதான் ஆகுதுன்னு பார்த்துடலாம்."

ஒரு கை கன்னத்தில், மறு கை அவர் தோளில். ஆடத் தெரியாத இருவரும் ஆடினார்கள். டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் அவள் கன்னத்திலிருந்த கையையும் எடுத்து அவர் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.