தாளுக்குள் அடங்காத நிரல்

சஞ்சிகையின் பெயரைப் பஸீனா தட்டி முடித்ததும் அது திரையில் வந்து நின்றது. பெயர், வெளியிட்ட பொறியியலாளர் சங்கம், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, அதற்குக் கீழே ‘1991 முதல் இன்றுவரை’ என்ற வரி. அந்த ‘இன்றுவரை’யைக் கண்டால் பஸீனாவுக்கு எப்போதும் ஒரு தெம்பு. புத்தளம் கல்லூரி நூலகத்தில் கணினி, தொலைத்தொடர்புச் சஞ்சிகைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. இப்போது அத்தனையும் இந்தத் தரவுத்தளத்துக்குள். தூசு தட்டத் தேவையில்லை, கறையான் பயமில்லை. ஆண்டுகளின் பட்டியலில் 1999 ஐ அழுத்தினாள். இரண்டாம் இதழ், கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், நான்கு வரிச் சுருக்கம் எல்லாம் வந்தன. முழுக் கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பெட்டியும், ‘இந்த இதழுக்கு இல்லை’ என்ற சிறிய எழுத்தும் இருந்தன. இன்னொரு தரம் அழுத்தினாள். பெட்டி வெள்ளையாகவே இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நிரோசன் எட்டிப் பார்த்தான். ஏழு வருடங்களுக்கு முன்னர் இங்கேதான் டிப்ளோமா படித்தவன். கற்பிட்டிப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் ஆகாயத்துக்குப் போகிறான் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்களாம். டவர் ஏறுவதுதான் அவனுடைய வேலை. செம்மஞ்சள் ஜாக்கெட்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான்.

“இதுதான் மிஸ். நான் படிக்கேக்க நீங்கதான் எடுத்துத் தந்தீங்க. நீலக் கவர். மண்ணுக்குள்ள இரும்பு உக்கிப்போய் பென்சில் மாதிரி மெலிஞ்சிருந்த போட்டோ. என்னால அதை மறக்கேலாது.”

“சுருக்கம்தான் வருது தம்பி. முழுசும் வரல்ல. நெட்வேர்க் பிழையோ தெரியா.”

அது நெட்வேர்க் பிழையல்ல என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. வாய்தான் அப்படிச் சொன்னது.

நூலகத்தின் மேல்மாடி ஜன்னலால் பார்த்தால் உப்பளமும், அதன் ஓரத்தில் நிற்கும் டவரும், டவருக்கு மேற்கே கடல்நீர் தேங்கிய களப்பும் தெரியும். அது சொந்தக் காலில் நிற்கும் டவர் அல்ல. மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அந்தக் கம்பிகள் நிலத்தில் கொங்கிறீட்டுக்குள் நங்கூரமாகப் புதைத்த இரும்புத் தண்டுகளில் போய் முடிகின்றன. வெளியே தெரிகிற இரும்புக்கு வருடம் தவறாமல் வர்ணம் பூசுகிறார்கள். உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது உப்புத் தண்ணீர் மட்டும்தான்.

“சனிக்கிழமை புது அன்டெனா ஏத்துறாங்க. ஏறுறது நானும் றிஸ்மினும். களப்புப் பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளந்த மாதிரி எனக்குப் படுது. தோண்டிப் பாத்துட்டு ஏத்துவம் எண்டு சுப்பவைசரிட்டச் சொன்னன். எந்தப் பேப்பர்ல இருக்கு, காட்டு எண்டு கேக்கிறார். இந்தக் கட்டுரையில ஒரு அட்டவணை இருந்தது மிஸ். உக்கின டவர்கள்ட பேர் எல்லாம் போட்டு. எங்கட டவரும் அதில இருந்த மாதிரி ஞாபகம். ஞாபகத்தக் கொண்டுபோய்க் காட்டேலாதுதானே.”

பஸீனா தன்னை அறியாமல் அறையின் அந்தக் கோடிக்குப் பார்வையைத் திருப்பினாள். மூன்று மாதத்துக்கு முன்புவரை அங்கேதான் சஞ்சிகைகளை அடுக்கிய இறாக்கைகள் நின்றன. இப்போது அந்தச் சுவரில் இறாக்கைகளின் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. கீழே பன்னிரண்டு புதுக் கணினிகள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல்.

“நம்பரை எழுதி வெச்சிட்டுப் போங்க. நான் தேடிப் பாக்கிறேன்,” என்றாள்.

மேசையிலிருந்த பெட்டியில் ஒரு துண்டுத் தாளை எடுத்து, இதழ் விபரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டு நிரோசன் படியிறங்கினான். அவளை முழுதாக நம்பிக்கொண்டு போகிறான் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த இறாக்கைகளை அகற்றும் வேலை நோன்பின் கடைசிப் பத்து நாளில் நடந்தது. பெருநாள் விடுமுறைக்கு முன் இறாக்கைகளைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கணினிகளுக்கு ஒதுக்கிய இடம் இன்னொரு பிரிவுக்குப் போய்விடும் என்று தலைமை நூலகர் றவூப் சேர் ஒற்றைக் காலில் நின்றார். தரவுத்தளக்காரர்கள் அனுப்பிய பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு சஞ்சிகையாகத் திறந்து பார்க்க வேண்டும். முதல் இதழ் திறக்கிறதா, கடைசி இதழ் திறக்கிறதா, இரண்டும் திறந்தால் சரி போடு. பஸீனாவுக்கு அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இப்போது ஞாபகமில்லை. எல்லா நூலகத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். தண்ணீர்கூட இறங்காத தொண்டையோடு இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு சரி போட்டாள். ‘யாவும் முழுமையாக உள்ளன எனச் சரிபார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே ஒப்பமும் வைத்தாள். நீல நைலோன் கயிற்றால் கட்டிய சஞ்சிகைக் கட்டுகள் லொறியில் ஏறி, காகித ஆலைக்குக் கூழாகப் போயின.

நிரோசனின் துண்டை எடுத்துக் கோப்பில் வைக்கப் போனவள் அதன் மறுபக்கத்தைப் பார்த்தாள். அச்சடித்த சில எண்கள் மட்டும். எந்தப் பெயருமில்லை, ஒரு வரிசையில் ‘2003/1–2003/4’, இடையில் வெறுமை, பிறகு இன்னொரு வரிசை. பெட்டியிலிருந்த மற்றத் துண்டுகளையும் புரட்டினாள். ஒன்றின் தலைமாட்டில் ‘விடுபட்டவை’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

கோப்பிலிருந்த பட்டியலை எடுத்து விரித்தாள். பட்டியலில் மேலிருந்து கீழாக மொத்தம் ஏழு நிரல்கள் இருந்திருக்கின்றன. அச்சு இயந்திரத்தின் தாளில் ஆறுதான் அடங்கின. ஏழாவது நிரல் தனியே வேறு தாள்களில் விழுந்திருக்கிறது. ஒரு தாளில் நாலைந்து எண்கள் மட்டும் இருந்ததால், இயந்திரம் வழக்கம்போல வீணாகத் துப்பிய தாள் என்று நினைத்து, அவளே நாலாக வெட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். மூன்று மாதமாகப் பிள்ளைகள் அதன் முதுகில் புத்தகப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மிச்சமிருந்த துண்டுகளை மேசையில் பரப்பி, பட்டியலோடு வரிசை வரிசையாக ஒட்டவைத்துப் பார்த்தாள். எண்பத்தேழாவது வரிசைக்கு நேரே இருந்தது: ‘1998/2–2001/4’. மூன்றே முக்கால் வருடம். அதற்குள்தான் நிரோசனின் நீல அட்டை.

வெளியே மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் விட்டு விட்டு அதிர்ந்தது. காற்று வலுக்கும்போது டவர்க் கம்பிகள் முனகுவது இங்கேவரை கேட்கும். பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்தான். அன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று அவள் காது கொடுத்தாள்.

கொழும்பில் ஒரு பொறியியல் நூலகத்தில் அந்த இதழின் அச்சுப் பிரதி இருந்தது. நூலகங்களின் கூட்டுப் பட்டியலில் தேடி வீட்டுக்குப் போகுமுன்னே கண்டுபிடித்துவிட்டாள். பிரதி கேட்க றவூப் சேர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். கடிதத்தில் காரணம் எழுத வேண்டும்: எங்கள் பிரதி கழிக்கப்பட்டது, தரவுத்தளத்தில் இல்லை. அந்த இரண்டு வரியும் அவளுடைய ஒப்பத்துக்கு நேர் எதிரே போய் நிற்கும். எழுதினாள். வியாழக்கிழமை காலையில் அதை ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள்.

றவூப் சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். “வாங்க பஸீனா. ஒங்களத்தான் நெனச்சேன். ஒங்கட ஃபைல் திங்கக்கிழம கொழும்புக்குப் போகுது. இந்த மாசத்தோட நிரந்தரம். சஞ்சிக வேலைய நீங்க செஞ்ச விதத்தப் பத்தி நானே ஒரு பந்தி எழுதி வெச்சிருக்கிறேன். என்ன, ஏதும் ஒப்பமா?”

பதினொரு வருடம். வருடா வருடம் புதுப்பிக்கும் கடிதம், வருடா வருடம் அந்தப் பயம். கணவர் முஸம்மில் உப்பளத்தில் முதுகு முறிந்து படுத்ததிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவளுடைய வேலையால். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இல்ல சேர். லீவுப் பதிவு. பொறகு கொண்டு வாறேன்.”

சொன்ன மறுகணமே வெட்கமாக இருந்தது. திங்கள் வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். ஃபைல் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இதுதான். இரும்பு என்ன, அந்தக் கட்டுரை வந்து இருபத்தேழு வருடம் நின்றது இன்னும் நாலு நாள் நிற்காதா. அன்று பின்னேரம் நிரோசனுக்கு அழைத்தாள்.

“தம்பி, கொழும்பில ஈக்கிது. எடுத்துத் தாறேன். திங்கக்கிழம.”

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல். “சனிக்கிழமை ஏறுறம் மிஸ்.”

“ரெண்டு நாள் தள்ளிப் போடச் செல்லுங்களேன்.”

“சொன்னன். நீ பயம் எண்டா நில்லு, வேற ஆள் ஏறும் எண்டுறார். நான் நிண்டா றிஸ்மின் தனிய ஏறுவான். அவன்ட பொஞ்சாதி புள்ளத்தாச்சி.” காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தினான். “பரவாயில்ல மிஸ். நீங்க எனக்காக இவ்வளவு தேடினதே பெரிய விஷயம்.”

அந்தக் கடைசி வசனம் வெள்ளிக்கிழமை முழுக்க அவளைப் பிடித்து ஆட்டியது. பௌர்ணமிப் போயா விடுமுறை, நூலகம் பூட்டு. மீன் கழுவும்போது, முஸம்மிலின் முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போது எல்லாம் தேடினதே பெரிய விஷயம் என்ற குரல்தான். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது கூரைத் தகரம் ஒன்று காற்றில் கிளம்பி அடித்துக்கொண்டது. “கச்சான் இந்த முற பொல்லாத்தனமா ஈக்கிது,” என்றார் முஸம்மில். பஸீனா எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்றாள். அங்கிருந்து டவரின் உச்சி மட்டும் தெரியும்.

சனிக்கிழமை எட்டரைக்குக் கதவு திறப்பதற்கு முன்னமே றவூப் சேரின் மேசைக்கு முன்னால் நின்றாள். கடிதத்தையும், எண்பத்தேழாவது வரிசைக்கு நேரே ஒட்டிய துண்டையும் வைத்தாள். எதையும் மறைக்கவில்லை. முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தது, நாலாக வெட்டியது, ஒப்பம், நிரோசன், இன்றைக்கு ஏறுவது. நின்றபடியே சொன்னாள்; உட்காரச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். “எப்பத் தெரிஞ்சது?”

“புதன்கிழம சேர்.”

அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தொலைபேசியை எடுத்தார். கடிதம் பிறகு வரும், பக்கங்களை மட்டும் படமெடுத்து உடனே அனுப்பச் சொல்லிக் கொழும்பு நூலகரிடம் கேட்டார். அந்தப் பெண் காரணம்கூடக் கேட்கவில்லை. பதினேழு நிமிடத்தில் ஒன்பது பக்கமும் வந்து சேர்ந்தன. பதினேழு நிமிடம். பஸீனா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஏழாம் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது, அவன் சொன்ன மாதிரியே, பென்சில் போல. எட்டாம் பக்கத்தில் அட்டவணை. நாலாவது வரியில் புத்தளம் உப்பளம், மேற்குப் பக்க நங்கூரம், தண்டின் பருமனில் பாதிக்கு மேல் போய்விட்டது, மாற்றும்வரை யாரும் ஏற வேண்டாம் என்றிருந்தது. அது 1999. பிறகு மாற்றியிருப்பார்கள், நிச்சயம் மாற்றியிருப்பார்கள் என்று பஸீனா முணுமுணுத்தாள். மாற்றியிருந்தால் அடுத்த இதழ்களில் எங்காவது எழுதியிருப்பார்கள். அந்த இதழ்களும் அதே மூன்றே முக்கால் வருடத்துக்குள்தான் இருந்தன.

நிரோசனின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே மேல்மாடிக்கு ஓடினாள். மணி அடித்தது. வெறுமையான சுவரைத் தாண்டி ஜன்னலுக்குப் போனாள். டவரின் நடுவுக்கு மேலே இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. அவர்களுக்கு மேலே வெள்ளையாக ஏதோ கயிற்றில் தொங்கி ஏறிக்கொண்டிருந்தது. அடியில் பாரம் தூக்கும் எஞ்ஜினின் புகை. ஏறுகிறவர்கள் கைப்பேசியைக் கீழே பையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள் என்று நிரோசன் எப்போதோ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்த எஞ்ஜின் சத்தத்தில் பைக்குள் அடிக்கும் மணி யாருக்குக் கேட்கும்?

“எடுக்கிறாங்க இல்ல சேர்,” என்று படியேறி வந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் போறேன். நீங்க அடிச்சிக்கிட்டே இருங்க.” ஒன்பது பக்கங்களையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு றவூப் சேர் இறங்கினார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மூன்றாவது உதைக்குத்தான் உயிர் பிடித்தது.

பஸீனா திரும்பத் திரும்ப அழுத்தினாள். உப்பளத்து மண்பாதையில் மோட்டார் சைக்கிளின் தூசு ஒரு முடிச்சுப் போலக் கிளம்பி நகர்ந்தது. பாத்திகள் வளைய வைக்கும் பாதை. நேரே பார்த்தால் கூப்பிடு தூரம், போய்ச்சேர இரண்டு மடங்கு. காற்று ஒரு தரம் முழு மூச்சாக அடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைப் பாரம் ஒரு பக்கமாக ஊசலாடியது. மேலேயிருந்த புள்ளி ஏறுவதை நிறுத்தி, களப்புப் பக்கம் திரும்பியது போல இருந்தது.

அந்தப் பக்கத்துக் கம்பியை அவள் பதினொரு வருடமாகப் பார்த்திருக்கிறாள், வானத்தில் அடிமட்டக்கோல் வைத்துக் கீறிய கோடு மாதிரி. அது மெல்ல, ஈரத் துணி காயப்போட்ட கொடியைப் போல நடுவில் ஒரு விரற்கடை தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்தது. காதில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தூசு முடிச்சு இரண்டாவது வளைவில் திரும்பியது. கம்பி மறுபடியும் தாழ்ந்தது.