லம்ஜத் அண்ணனின் கையெழுத்து

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. காபெஸ் ஊரிலிருந்து ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போகும், ஆளுக்கொரு பங்கு கொடுத்து ஏறும் வாடகை வண்டியில், பக்கத்து இருக்கைப் பெண் போன சனிக்கிழமை சொன்னது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேயறைந்த முகத்தோடு இரண்டு மணி நேரம் பேசினாள். பெயர் இன்திஸார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

'இன்திஸார் ஓர் ஆய்வாளர். வேலையிடத்து அறிவுப் பகிர்வில் தொழில்நுட்பத்தின் பங்கு...'

(வேண்டாம். இதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

'கடலோரம் ஓர் ஆலை. அதன் சுவரில் உப்புக்காற்று...'

(இதுவும் வேண்டாம். அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை.)

நேராகவே சொல்கிறேன். காபெஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கைபேசியில் ஒரு செயலி. சந்தேகம் வந்தவர் அதில் கேட்பார், தெரிந்தவர் பதில் போடுவார். இன்திஸார் ஸ்ஃபாக்ஸில் உட்கார்ந்தபடியே மூன்று வருடம் அதைப் படித்தாள். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. பதில் போடுவதில் முதலிடம் லம்ஜத் என்ற மூத்த தொழிலாளிக்கு. ஆயிரத்து நூறு பதில்கள்! ஒரு முழு அத்தியாயமே அவரைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. 'அந்த ஆளுடைய சம்மதக் கையெழுத்து இல்லையென்றால் அத்தியாயம் செல்லாது' என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அதை வாங்கத்தான் அந்தச் சனிக்கிழமை காலை, ஒரு பெட்டி மக்ரூது இனிப்போடு ஆலைக்குப் போனாள்.

3

கட்டுப்பாட்டு அறையில் ஷாத்லியா இருந்தாள். இருபது வருடமாக அங்கே பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

"லம்ஜத் அண்ணனா? அவரு மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சே, தங்கச்சி."

"என்னக்கா விளையாடுறீங்க? செவ்வாக்கிழமை எனக்குப் பதில் போட்டாரே!"

"அது நான்."

இன்திஸாருக்கு இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"வியாழக்கிழமை போட்டது என்கூட வேலை பாக்குற நபீல். யாருக்குத் தெரியுதோ அவங்க போடுவோம். என் பேர்ல எழுதினா இன்ஜினியர் கேப்பாரா? 'பம்பு பாக்குறவ எனக்குப் பாடம் எடுக்குறாளா'ன்னுவாரு. லம்ஜத் அண்ணன் சொன்னா மறுபேச்சே கிடையாது."

"அண்ணன் செத்தது இன்ஜினியருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அடக்கத்தன்னிக்கு சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் குடுத்ததே அவருதான்."

[குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இந்த இடத்தில் நான் வண்டிக்குள் 'யா அல்லாஹ்!' என்று கத்திவிட்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து முறைத்தார். தோளில் சுமந்து போய்ப் புதைத்தவரிடமே சந்தேகம் கேட்கிறார் ஒரு மனிதர், பதிலும் வருகிறது, யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.]

4

'அவள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். ஓடவில்லை. அதற்குள் அபாய மணி அலறியது. உள்ளே வரும் கடல்நீரின் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. வெளியே பம்புகளுக்குப் பக்கத்தில் நின்ற இன்ஜினியரிடமிருந்து செயலியில் கேள்வி வந்தது: "லம்ஜத் அண்ணே, எல்லாப் பம்பையும் நிறுத்திடவா?"

"நாசமாப் போச்சு. எனக்கும் தெரியலையே," என்றாள் ஷாத்லியா. "நபீல் லீவு. நிறுத்தினா இன்னிக்கு ஊருக்கே தண்ணி இல்ல."

இன்திஸாருக்குத் தெரிந்திருந்தது. லம்ஜத் உயிரோடு இருந்தபோது இதே சிக்கலுக்கு எழுதிய பதில் அது. அவளுக்கு மனப்பாடம்.

"ஜெல்லி மீனா இருக்கும், அக்கா. ஒரே ஒரு பம்பு ஓடட்டும். கடல்தண்ணி உள்ள வர்ற வாய்ல இருக்குற சல்லடையைப் பாக்கச் சொல்லுங்க, அடைச்சிருக்கும்."

"நீயே எழுது." ஷாத்லியா கைபேசியை அவள் கையில் திணித்தாள்.

லம்ஜத் பெயரில் எழுதினாள். நாற்பது நிமிடத்தில் அழுத்தம் ஏறியது. "ஊர் மானத்தக் காப்பாத்திட்டீங்க அண்ணே" என்று இன்ஜினியர் பதில் போட்டார்.

இன்திஸார் கொண்டுவந்திருந்த சம்மதத் தாளை ஷாத்லியா மேசையில் விரித்துப் பேனாவை நீட்டினாள். "இப்ப நீயும் லம்ஜத்துதானே. போடு கையெழுத்த."

5

முடிவு ஒன்று: போட்டாள். பட்டம் வாங்கினாள். 'அறிந்தவர்கள் தம் பெயரிலேயே தயங்காமல் பகிர்கிறார்கள்' என்ற அவளுடைய பொய்யைக் காட்டி வேறு ஆலைகளிலும் அந்தச் செயலியை வைத்தார்கள்.

முடிவு இரண்டு: போடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாள். லம்ஜத்தின் கணக்கை மூடிவிட்டார்கள். அடுத்த முறை மணி அலறியபோது ஷாத்லியாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. தன் பெயரிலேயே எழுதினாள். இன்ஜினியர் படித்தார். படித்துவிட்டு எல்லாப் பம்பையும் நிறுத்தினார்.

மூன்றாவது முடிவுக்கு...

எழுத வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஸ்ஃபாக்ஸில் இறங்கும்போது கேட்டேன்: "போட்டியாம்மா, இல்லியா?"

"நீங்களா இருந்தா?" என்றாள்.

சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாகச் சொன்னதில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என்ன சொன்னேன் என்பதை என் பெயரில் எழுதத் துணிச்சல் இல்லை. தலைப்புக்குக் கீழே பாருங்கள், பெயரே போடவில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் பெயரைப் போட்டு, முடிவை நீங்கள் எழுதுங்கள்.