வெளிறிய பிரதி

டிவியில் அப்பா வெளுத்துப் போயிருந்தார். அவருடைய சிவப்புச் சட்டை நூறு தடவை துவைத்துச் சாயம் போனதுபோல் இருந்தது. மேசை, தட்டுகள், சுற்றி நின்றவர்களின் முகங்கள் எல்லாவற்றின் மேலும் யாரோ ஒரு டம்ளர் பாலைக் கவிழ்த்துவிட்டாற்போல ஒரு மங்கல். மடிக்கணினியோடு சோபாவில் உட்கார்ந்திருந்த மகளுக்கு அழுகை வராத குறை. விடுமுறை நாளும் அதுவுமாக, காலையிலிருந்து இது மூன்றாவது முயற்சி.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளை அவள்தான் எடுத்தாள். போன் வாங்கிய புதிது. 4கே, எச்.டி.ஆர். என்று அதில் இருந்ததையெல்லாம் முடுக்கிவிட்டிருந்தாள். பதினோரு நிமிடத்துக்கு நாலரை ஜிபி. வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பினால் பத்து விநாடிக்கு ஒரு தரம் படம் நின்று சக்கரம் சுற்றும். போனிலேயே பார்த்துத் தொலைக்கலாம் என்றால் அப்பா கேட்கிற ஆளா? "தீப்பெட்டிக்குள்ள என்னைப் போட்டு மூடின மாதிரி இருக்கும்மா" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை எழுபத்திரண்டு. அதற்குள் பெரிய திரையில் பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஆகவே இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி வீடியோவைச் சுருக்க உட்கார்ந்தாள். முதல் முறை சக்கரம் சுற்றுவது நிற்கவில்லை. இரண்டாம் முறை உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போயின. மூன்றாவது வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் இப்படி வெளுத்து. இது எச்.டி.ஆர்., அதாவது வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதிந்த படம் என்று டிவிக்குச் சொல்லும் குறிப்பைச் சுருக்கும்போது தொலைத்திருக்கிறாள். டிவி அதைச் சாதாரணப் படம் என்று நினைத்துக்கொண்டு காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். மென்பொருளில் ஒரே ஒரு தேர்வு மாறிப்போனதால் வந்த வினை.

நிறுத்தத்தான் போனாள். ஆனால் ஸ்கேன் சென்டரில் பன்னிரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். சாம்பலைக் கண்டால் கண் தானாகவே அதற்குள் எதையாவது தேடத் தொடங்கிவிடும். படத்தில் அப்பாவுக்குப் பின்னால், வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் நடை தெரிந்தது. போனில் அந்த இடம் எப்போதும் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். நடையின் டியூப் லைட் அப்போதே போய்விட்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன், அன்றைக்கு வரும்போது புதிது வாங்கிவந்து மாட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். வரவில்லை. இன்றுவரை வேறு யாரையும் மாட்டவிடாமல் அப்பா வீம்பு பிடிக்கிறார்.

ஏழாவது நிமிடத்தில், இருட்டு வெளிறிக்கிடந்த அந்த நடையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. அண்ணன் வேலையில் விழுந்து உடைத்துக்கொண்ட அந்தக் காறை எலும்பை அவளே மூன்று தடவை படம் எடுத்திருக்கிறாள். கையில் நெஞ்சுயரத்துக்கு ஒல்லியாக ஓர் அட்டைப்பெட்டி. அப்போது டிவியில் ஒரு குரல் கேட்டது. போனைப் பிடித்திருந்தவளின் குரல், அதனால் எல்லாருடையதையும்விடப் பெரிதாக.

"அவனுக்கு எதுக்கு சித்தி தட்டு? எடுத்துருங்க. அவன் வந்தா என்ன, வராட்டி என்ன? நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நடையில் நின்றவன் நான்கு விநாடி அப்படியே நின்றான். பிறகு பெட்டி திரும்பியது. அதன் பின்னால் அவனும்.

அன்று மாலை அவன் போன் செய்து, "வந்தேன்டி, வாசல் தாண்டி வந்துட்டுதான் போனேன்" என்றபோது, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "பொய் சொல்றதுன்னு ஆனப்புறம் கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லுண்ணா" என்றாள். அதற்குப் பின் அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. எதைக் கேட்டுத் திரும்பினான் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் நான்காவது முறையாகச் சுருக்கினாள். இந்த முறை குறிப்பைச் சரியாக வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அப்பாவின் சட்டை நல்ல சிவப்பாக வந்தது. தட்டுகளில் வெளிச்சம் மின்னியது. நடை பழையபடி இருண்டுவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிறிய பிரதியை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அழிக்கும் பொத்தான் வரை விரல் போகவும் போனது.

"ஆச்சாம்மா?" குளித்துவிட்டு வந்த அப்பா நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் வெளிறியதைப் போட்டாள்.

"என்னம்மா இது, சோகை புடிச்ச மாதிரி இருக்கேன்?"

"நல்லது ஒண்ணும் இருக்குப்பா. முதல்ல இதைப் பாருங்க. பின்னாடி சொல்ல எனக்கு தைரியம் வராது."

ஏழாவது நிமிடத்தில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அப்பாவின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"திரும்பப் போடு."

போட்டாள். இன்னொரு தரமும் போடச் சொன்னார். எழுந்து திரையருகே போய், நடையில் நின்றவனைத் தொடாமல் விரலால் காட்டினார். அந்த விரல் அப்படியே நகர்ந்து வெளிறிய முகம் ஒன்றுக்கு வந்தது.

"நீ சொன்னே, சரி. ஆனா முதல்ல சிரிக்கறது நான்தான், பாரு."

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஐந்தாவது மணி அடிக்கும்போது எடுத்தான்.

"யாரு? நீயா? அப்பாவுக்கு ஏதாவது...?"

"அப்பா நல்லா இருக்காரு. அண்ணா, நீ வந்திருந்த. வீடியோல இருக்க. நான் பேசினதைக் கேட்டுட்டுதானே திரும்பிட்ட? தப்புண்ணா. அன்னிக்குப் பேசினதும் தப்பு, உன்னைப் பொய்யன்னு சொன்னதும் தப்பு."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

"நீ அன்னிக்குக் கொண்டுவந்த டியூப் லைட் இன்னும் இருக்கா?"

"பீரோ மேல கிடக்கு. அட்டையைக்கூடப் பிரிக்கல" என்றான். பிறகு, "பதினொண்ணாவது மாடில நிக்கறேன். வேலை இருக்கு" என்றான். ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு மறுபடி திறந்தது, மூடியது.

அப்பா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் நடையின் நடுவில், எரியாத விளக்குக்கு நேர் கீழே போட்டார். அது ஆடுகிறதா என்று ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அங்கேயே இருட்டில் நின்றார்.